உண்ணும் அணிகலன்கள்

பொன்னால் செய்த அணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவர். பூவால் தொடுத்த அணியை மறுநாள் களைவர். சர்க்கரையால் செய்த அணியை என்செய்வர்? பிட்டு உண்பர். இத்தகைய அணி ஒன்று உண்டென்று சொன்னால், ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் உறவினர் நம்புவதில்லை. ஆயின் மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் நம் குடும்பங்கள் இதனைக் கண்ணாரக் கண்டிருக்கின்றன. தைத்திங்கள் முதல் நாள் நாம் பொங்கற்பானையை ஏற்றும் அதே வேளையில், எதிர்வீட்டு மராத்திய அன்பர் மகர சங்கராந்தி கொண்டாடுகிறார். அவ்வீட்டுக்கு அவ்வாண்டு வந்த மருமகள் கரிய சேலை உடுத்து, கழுத்தில் மாலையும் கையில் வளையும் இடையில் ஒட்டியாணமும் பூண்டு மணையில் அமர்கிறாள். கரிய சேலையின் மேல் வெள்ளை வெளேரென்று விளங்கும் அவ்வணிகள் முத்துமல்ல, வெள்ளியுமல்ல. அத்தனையும் சர்க்கரை மணிகள்.

நம் குழந்தைகளின் பிறந்தநாளுக்கு இப்போது கேக்கு வந்துவிட்டது. அதன்மேல் வண்ண வண்ணமாய்ச் சிறு மணிகளைத் தூவுகிறார்கள். சர்க்கரையில் மலரும் இலையும் செய்து பதிக்கிறார்கள். இது வெள்ளையர் விட்டுச் சென்ற வழக்கம் என்று முகஞ்சுளிக்கும் பெரியோர்கள் நம் குடியிருப்பில் உளர்; கடையில் வாங்கினால்தான் அழகு என்று எண்ணும் இளையோரும் உளர். இருசாராரும் ஒரு செய்தியை அறியாமலே வழக்காடுகின்றனர் என்பது நம் கருத்து. கேக்கின் மேல் தூவும் அம்மணியும் சங்கராந்தி மருமகளின் கழுத்து மணியும் ஒரே தொழில்முறையில் பிறந்தவை. இரண்டிற்கும் மூலப்பொருளான சர்க்கரை இந்நாட்டில் தோன்றியது. அது உலகைச் சுற்றி வந்த வரலாற்றில் நம் தமிழ் மக்களின் வியர்வையும் கண்ணீரும் கலந்திருக்கின்றன.

முதலில் மராத்தியர் அணியைக் காண்போம். அம்மணிக்கு அவர்கள் இட்ட பெயர் ஹல்வா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் வாழும் அன்பர்களுக்கு இப்பெயரைக் கேட்டதும் நெய் சொட்டும் வேறொரு பொருள் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இது எள், கசகசா, ஜவ்வரிசி, வெள்ளரி விதை முதலியவற்றின் மேல் சர்க்கரைப் பாகை ஏற்றிச் செய்வது. ஏற்றுவது என்றால் முக்கி எடுப்பதன்று. வாயகன்ற பித்தளைத் தாம்பாளத்தைத் தணலின் மேல் வைத்து, ஒரு கைப்பிடி எள்ளைப் பரப்புவர். சர்க்கரையில் பாதியளவு நீர் விட்டுக் காய்ச்சி, சிறிது பால் தெளித்து அழுக்கை நுரையோடு எடுத்து வடிகட்டிய பாகினை ஒரு சிறு கரண்டி விடுவர்; விரல் நுனிகளால் விடாது புரட்டுவர். ஈரம் காய்ந்து எள் தனித்தனியே உருளத் தொடங்கியதும் அடுத்த கரண்டி. ஒரே வேளையில் இரண்டு கரண்டி விட்டால் எல்லாம் ஒட்டிக் கட்டியாகும். தணல் மிகுந்தால் நிறம் பழுக்கும். குறைந்தால் பாகு காயாது. இவ்வாறு நாளைக்குச் சில மணி நேரமாக மூன்று நான்கு நாள் உழைத்தால், எள் மிளகளவாகிப் பின் சுண்டைக்காயளவும் ஆகும்.

இரண்டாம் நாளில்தான் இதன் விந்தை வெளிப்படும். அதுவரை வழவழப்பாக இருந்த மணியின் உடலெங்கும் சிறுசிறு முட்கள் எழும். இம்முள் எழுந்தால்தான் செய்தவள் கை தேர்ந்த கை என்று மராத்தியப் பெண்டிர் ஒப்புவர். மணியின் மேற்பரப்பில் எவ்விடம் இம்மியளவு மேடாக உள்ளதோ, அவ்விடமே சூடான பாத்திரத்தையும் பாகையும் முதலில் தொடுகிறது. தொட்ட இடத்தில் பாகு முதலில் உறைகிறது. உறைந்த மேடு மேலும் மேடாகிறது. மார்கழி, தை மாதக் குளிர்காற்று முள் எழுவதற்குத் துணை செய்யும். பம்பாய் நகரில் குளிர் என்று சொல்லத்தக்க நாட்கள் மிகச்சிலவே. அந்நாட்களை மராத்தியப் பெண்டிர் வீணாக்குவதில்லை.

முற்றிய மணிகளை ஒவ்வொன்றாக நூலில் முடிந்து, அட்டையிலும் துணியிலும் பதித்து, தாலியும் வளையும் தோள்வளையும் ஒட்டியாணமும் ஆக்குவர். ஆண்டு நிறையாத குழந்தைக்கு முதற்சங்கராந்தியில் முடியும் மாலையும் கையில் ஒரு புல்லாங்குழலும் செய்து கண்ணனாக அலங்கரிப்பர். பின்னர் குழந்தையின் தலைமேல் இலந்தைப்பழம், பொரி, கரும்புத் துண்டு, ஹல்வா மணி ஆகியவற்றைச் சொரிவர். சுற்றியிருக்கும் சிறுவர் பொறுக்கி உண்பர். இச்சடங்கின் பெயர் போர் நஹாண் என்பது. 'போர்' என்றதும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. மராத்தியில் அச்சொல் இலந்தையைக் குறிக்கும். தெலுங்கர் இல்லங்களில் போகியன்று குழந்தையின் தலையில் இலந்தைப்பழம் சொரியும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சங்கராந்தி தொடங்கி ரதசப்தமி வரை மஞ்சள் குங்குமத்துக்கு ஒருவரையொருவர் அழைத்து, எள்ளும் வெல்லமும் தந்து, இனிமையாகப் பேசுவோம் என்று வாழ்த்துவது இந்நாட்டுப் பெண்டிர் வழக்கம். அவ்வழைப்பில் நம் வீட்டுப் பெண்களும் சென்று வந்திருக்கின்றனர். தமிழ் பேசும் வீடுகளில் மராத்தியக் கைப்பக்குவங்கள் பல நுழைந்தது அவ்வழியாகத்தான்.

இனிக் கடல் கடந்து பார்ப்போம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் ஹியூ பிளாட் என்பார் இல்லத்தரசியர்க்காக ஒரு சிறு நூல் எழுதினார். அதில், விதைகளின் மேல் சர்க்கரை ஏற்றும் கலையை விரிவாக விளக்கியிருக்கிறார். தணலுக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பித்தளைத் தட்டு; அதில் கொத்தமல்லி விதை அல்லது சோம்பு; கரண்டி கரண்டியாகப் பாகு; கையால் இடைவிடாத புரட்டல். மராத்தியப் பெண் செய்வதற்கும் அதற்கும் வேற்றுமை மிகச் சிறிதே. அம்மணிகள் ஐரோப்பாவில் முதலில் மருந்தாகவும், பின்பு விருந்தின் இறுதியில் வாய்மணக்கத் தின்பதாகவும் இருந்தன. உருவில் மிகச்சிறியனவாய் வண்ணம் ஏற்றப்பட்டபோது அவை கேக்கின் மேல் ஏறின. ஆங்கிலேயர் அவற்றுக்கு நூறுகளும் ஆயிரங்களும் என்று பொருள்படும் பெயரிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் சுழலும் இயந்திரப் பாத்திரம் வந்தபின், பெண்டிரின் விரல் செய்த வேலையை நீராவி செய்யலாயிற்று. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் புட்டியில் அடைத்து விற்கும் சீரக மிட்டாயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கிழக்கேயும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1569இல் லூயி ஃபுரோயிஸ் என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜப்பானின் பெருந்தலைவரான ஓதா நோபுனாகாவைக் காணச் சென்றபோது, கண்ணாடிக் குடுவையில் இத்தகைய சர்க்கரை மணிகளைக் கையுறையாகக் கொடுத்தார். 'கொன்ஃபெய்தோ' என்ற போர்ச்சுகீசியச் சொல்லே ஜப்பானியர் நாவில் 'கொம்பெய்தோ' ஆயிற்று. அதற்கும் நம் அண்டைவீட்டு ஹல்வாவைப் போலவே முள் உண்டு. அம்முள் ஏன் எழுகிறது என்று ஆராய்ந்து எழுதியவர் தெரதா தொராஹிகோ என்னும் ஜப்பானிய இயற்பியல் அறிஞர். ஒரு மிட்டாயின் முள்ளைப் பற்றி இயற்பியல் அறிஞர் சிந்தித்தார் என்பதைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சி பொங்கியது. அடுப்படியில் நிகழ்வது அற்பம் என்று எண்ணும் ஆடவர் இதனை ஊன்றி நோக்குவாராக.

இவற்றுக்கெல்லாம் வேர் எங்கே? கரும்பிலிருந்து சர்க்கரைக் கட்டியைப் பிரித்தெடுக்கும் கலை வளர்ந்தது இந்தியாவில் என்பதை உலக ஆராய்ச்சியாளர் ஒப்புகின்றனர். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொணர்ந்தனர் என்று ஒளவையார் புறநானூற்றில் கூறுகின்றார். பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலைகளின் ஓயாத ஓசையும் சாறு காய்ச்சும் புகையும் காட்டப்படுகின்றன; காய்ச்சிய பாகுக்கு அந்நூல் வழங்கும் சொல் விசயம் என்பது. அப்பம் விற்போரைக் கூவியர் என்று சங்க நூல்கள் குறிக்கின்றன. ஆகவே இனிப்புப் பண்டம் செய்து விற்றல் தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுத் தொழில். வடமொழியில் கௌடிலியரின் அர்த்தசாத்திரம், கரும்புச் சாற்றிலிருந்து பெறும் பொருள்களை ஐந்தாக எண்ணுகிறது. கண்டம், சர்க்கரை இரண்டும் அவற்றுள் அடங்கும். சர்க்கரை என்ற சொல்லுக்குப் பரற்கல் என்பதே முதற்பொருள். கண்டம் என்பது அரபியரிடம் 'கந்த்' ஆகி, ஆங்கிலேயரிடம் 'காண்டி' ஆயிற்று. நம்மிடமோ அது கல்லோடு சேர்ந்து கற்கண்டாக வழங்குகிறது.

சொற்களைப் பற்றிப் பேசும்போது நம் குடியிருப்பிலேயே நிகழும் ஒரு குழப்பத்தைச் சொல்லாதிருக்க இயலவில்லை. நெல்லைக்காரர் சீனி என்பதைத் தஞ்சைக்காரர் சர்க்கரை என்பர். நெல்லைக்காரர் சர்க்கரை என்றால் வெல்லம் வந்து நிற்கும். சென்னைப் பக்கத்து முதியோர் அஸ்கா என்பர். சீன நாட்டிலிருந்து வந்த வெண்மையான சர்க்கரையால் சீனி என்ற பெயர் ஏற்பட்டது. ஆயினும் கி.பி. 647இல் தாங் பேரரசர் தாய்சோங் மகத நாட்டுக்கு ஆளனுப்பிச் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் செய்தார் என்று சீனர் வரலாறே கூறுகிறது. கற்றுக்கொண்டவர் பெயரே பின்னர்க் கற்பித்தவர் நாவில் நிலைத்தது! அஸ்கா என்பது ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஊர். 19ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்த ஆலையின் சர்க்கரை சென்னை மாகாணமெங்கும் பரவியதால் ஊர்ப்பெயர் பண்டத்துக்கு ஆயிற்று.

சர்க்கரையைத் தின்பதற்கு மட்டுமின்றிக் காண்பதற்காகவும் வடிக்கும் கலை அரபு நாடுகளில் பெருக வளர்ந்தது. பாரசீகப் பயணியான நாசிர் குஸ்ரோ 11ஆம் நூற்றாண்டின் நடுவில் கெய்ரோ நகரில் தங்கியிருந்தார். சுல்தானின் விருந்து மண்டபத்தில், கிளையும் இலையும் கனியும் யாவும் சர்க்கரையாலேயே அமைந்த ஒரு நாரத்தை மரத்தையும், ஆயிரக்கணக்கான சர்க்கரைப் பாவைகளையும் கண்டதாக அவர் எழுதியுள்ளார். 1574இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றி வெனிசு நகருக்கு வந்தபோது, மேசைத் துணி, தட்டு, கத்தி எல்லாம் சர்க்கரையாலேயே செய்து பரப்பினர். மன்னர் கைத்துண்டை எடுக்க, அது கையிலேயே முறிந்தது என்பர். 1840இல் விக்டோரியா அரசியின் மணவிழாவுக்குச் செய்த கேக்கு 300 பவுண்டு எடையுள்ளது. வெண்சர்க்கரைப் பூச்சும் பாவைகளும் அதனை அணிசெய்தன. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில், அதனை அள்ளிப் பூசுவதே செல்வத்தின் அறிகுறி.

பின்னர்ச் சர்க்கரை மலிவாயிற்று. எவ்வாறு மலிவாயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு பொய்யாகும். முதலில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி அமெரிக்கத் தீவுகளில் கரும்பு வெட்டச் செய்தனர். அடிமை முறை ஒழிந்தபின், நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினர். 1834 முதல் மொரீசியசுக்குக் கப்பல்கள் சென்றன. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் தர்பன் துறையில் நம் மக்களை இறக்கியது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்டிரின் துயரைப் பாரதியார் உருகிப் பாடியதை அறியாதார் இலர். ஐரோப்பாவில் எளிய மக்களின் மேசைக்கும் வெண்சர்க்கரைப் பூச்சிட்ட கேக்கு வந்தது இந்த உழைப்பின் பயனாகத்தான். நாமும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். இதனை மறத்தல் நமக்கு ஒல்லாது. தமிழகத்திலேயே 1842இல் பாரி நிறுவனம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை நிறுவியது. இம்மாநிலத்தில் அகமத்நகர் மாவட்டத்தின் பிரவரா பகுதி உழவர்கள் விட்டல்ராவ் விகே பாட்டீலின் தலைமையில், பொருளியல் அறிஞர் தனஞ்சயராவ் காட்கிலின் துணையோடு, கூட்டுறவு ஆலையைத் தொடங்கினர். அது 1950ஆம் ஆண்டு வாக்கில் அரைவை தொடங்கியது. கரும்பு விளைத்தவனே ஆலைக்கும் உடையவன் ஆனது கரும்பின் நெடுவரலாற்றில் புதிய ஏடு.

நம் நகரின் கதையில் போர்ச்சுகீசியருக்கு ஒரு பங்குண்டு. தூத்துக்குடி 1658 வரை அவர்கள் செல்வாக்கில் இருந்தது; அவ்வாண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். பம்பாய்த் தீவுகளையோ 1534இல் குஜராத் சுல்தானிடமிருந்து பெற்று, 1661இல் தம் இளவரசியின் மணச்சீராக ஆங்கில மன்னருக்கு எழுதிக் கொடுத்தனர். அவர்கள் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரி இரு கரையிலும் வேரூன்றியது. ஐரோப்பாவில் வாதுமையை அரைத்துச் சர்க்கரையோடு பிசைந்து பழமும் பூவுமாக உருவாக்கும் பண்டம் மார்சிபான். பாந்திரா, வசாய் முதலிய இடங்களில் வாழும் கிழக்கிந்தியக் கிறித்தவர்கள் வாதுமைக்கு மாற்றாக முந்திரியை இட்டு அதனைச் செய்கிறார்கள். அச்சில் அழுத்தி மீனும் மலரும் ஆக்குகிறார்கள். தூத்துக்குடியிலோ முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி சேர்த்து, சிறு கோபுரம்போல் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்தி, மக்ரூன் என்று வழங்குகிறார்கள். கேக்கின் மேல் பூசும் வெண்பூச்சும் இதே வெண்கரு, இதே சர்க்கரை. தூத்துக்குடியினின்று புறப்பட்டுத் தாராவியில் குடியேறிய ஒருவர் போர்ச்சுகீசியர் முந்திரி விளைந்த ஒரு கரையினின்று மற்றொரு கரைக்கு வந்திருக்கிறார் என்று சொன்னால் அது வெறும் நயவுரையன்று.

நம்மிடம் இத்தகைய அலங்காரப் பண்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, பருப்புத் தேங்காயை மறந்துவிடலாகாது. மரத்தாலோ தகரத்தாலோ ஆன கூம்பு வடிவக் கூட்டினுள் நெய் தடவி, பாகில் பிரட்டிய மனோகரத்தையோ வேர்க்கடலையையோ பூந்தியையோ இளஞ்சூட்டில் அழுத்தி நிறைத்து, ஆறியபின் கூட்டை உருவினால் கோபுரம் நிற்கும். அடியில் வண்ணத்தாள் சுற்றி, உச்சியில் பூவைத்து, இரண்டிரண்டாக மணவறையில் வைப்பர். முழங்கை உயரம் நிற்கும் இதனைச் செய்வதற்குப் பாகின் பதமே உயிர். நீரில் விட்ட பாகு உருட்டினால் உருண்டு, தட்டில் எறிந்தால் ஓசை எழ வேண்டும். அப்பதம் தவறினால், தாலி கட்டும் முன்னரே கோபுரம் சாயும். மாதுங்காவில் கலியாணம் நடக்கும் வீடுகளில், மாதர் பலர் கூடி, கை பொறுக்கும் சூட்டில் கூட்டை நிறைப்பதைப் பழையோர் பலர் கண்டிருப்பர். இன்று சமையற் குத்தகைதாரரே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். 1943இல் போர்க்கால உணவுப் பங்கீடு பம்பாயில் வந்தபோது, சர்க்கரை அளந்து கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் வெல்லப் பாகே கைகொடுத்திருக்கும். மராத்தியரும் யுகாதித் திருநாளாகிய குடி பாடவாவன்று மர அச்சில் நூலை இட்டுப் பாகை ஊற்றிச் சர்க்கரை மாலை வார்க்கிறார்கள். கன்னடர் சங்கராந்தியில் மர அச்சில் யானை, கிளி, துளசிமாடம் என வார்த்து எள்ளோடு வழங்குகிறார்கள். அச்சில் வார்க்கும் கலை தென்னாட்டுக்குப் பொதுவுடைமை.

கேக்கு நம் வீடுகளில் நுழைந்த வழியும் சுவையானது. கேக்கு நல்ல பண்டமாயினும் முட்டை சேர்வதால் சைவ உணவினர் வீட்டுக்குள் வரத் தயங்கியது. டப்பாவில் அடைத்த இனிப்புக் கட்டிப்பால் வந்தபின் அத்தடை நீங்கிற்று. அதனைக் கொண்டு முட்டையின்றிச் செய்யும் முறை பெண்டிர் கையேடுகளில் எழுதப்பட்டு வீடு வீடாகப் பரவியது. அடுப்பில் கனத்த பாத்திரத்தை ஏற்றி, அடியில் மணல் பரப்பி, அதன்மேல் தகர டப்பாவை வைத்துச் சுட்டனர். கேக்கு வெந்தது. ஆனால் வெண்பூச்சுக்கும் வெண்கரு வேண்டுமே? இங்கேதான் நம் பெண்டிர் தம் பழம்பயிற்சியைப் பயன்கொண்டனர். முந்திரியைப் பொடித்து, அதன் பாதியளவு சர்க்கரையை ஒரு கம்பிப் பதத்தில் காய்ச்சி, பொடியைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெய் தொட்டுப் பிசைந்தால் மாவுபோல் திரளும். அதனைத் தேய்த்துப் புட்டிமூடியால் வட்டம் வெட்டலாம். கத்தி முதுகால் நரம்பு கீறி இலையாக்கலாம். உருட்டி, மேலே ஒரு கிராம்பைச் செருகினால் காம்போடு கூடிய ஆப்பிள் பழம். பாந்திராவின் மார்சிபானும் நம் முந்திரிக் கேக்கும் ஒரே கட்டிலில் பிறந்தவை என்பது இம்மாவைப் பிசைந்தவர்க்குத் தெரியும். எவரும் கற்பிக்காமல் இத்தனையும் கண்டுகொண்ட பெண்டிரின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். அழகுக்காக நஞ்சு உண்ட வரலாறு இனிப்புத் தொழிலில் உண்டு. ஈயமும் செம்பும் கலந்த வண்ணங்களை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மிட்டாய்களுக்குத் தாராளமாக ஏற்றினர். கலப்படமோ அதனினும் கொடிது. 1858இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கும் மலிவான வெண்பொடி என்று எண்ணி வெண்பாஷாணத்தைச் சேர்த்துவிட்டனர். அம்மிட்டாயைத் தின்று 21 பேர் மாண்டனர். அதன் பின்னரே அந்நாட்டில் கலப்படத் தடைச் சட்டம் 1860இல் பிறந்தது. நம் நாட்டில் 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், பின்னர் 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. துணிக்குரிய மஞ்சட் சாயமான மெட்டானில் உணவில் தடைசெய்யப்பட்டது. ஆயினும் இனிப்புகளில் அது அகப்பட்டதாகச் செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. வீட்டில் செய்வோர்க்கு இவ்வச்சம் இல்லை. செக்கச் சிவப்புக்குப் பீட்ரூட் சாறு, மஞ்சளுக்குக் குங்குமப்பூ அல்லது துளி மஞ்சள்தூள், பச்சைக்குக் கீரைச் சாறு. பாகில் சாறு மிகுந்தால் மணி உலராது என்பதால், சாற்றைத் தனியே சுண்டக் காய்ச்சிச் சேர்க்க வேண்டும். கடையின் பளபளப்பு வாராது. மூன்றாம் நாள் பீட்ரூட்டின் சிவப்பு மங்கும். மங்கட்டும். பிறந்தநாள் கேக்கு மூன்றாம் நாள் வரை எந்த வீட்டில் இருக்கிறது?

இன்று தாதர் கடைத்தெருவில் மார்கழி பிறந்ததும் ஹல்வா அணிகள் பெட்டி பெட்டியாக வந்துவிடுகின்றன. இயந்திரத்தில் உருட்டிய மணிகளும் கலந்திருக்கும். கையால் செய்ததை முள்ளைக் கொண்டு அறியலாம். தாராவியின் 90 அடிச் சாலையில் நம் பெண்டிர் வரிசையாகப் பொங்கற்பானை ஏற்றும் அதே நாளுக்காக இவ்வணிகளும் விலையாகின்றன. நம் குடியிருப்பிலேயே, ஆண்டு நிறைவுக் கேக்கின் மேல் வண்ண மணிகளுக்கு மாற்றாக இந்த முள்மணிகளைப் பதித்திருந்ததை அண்மையில் கண்டோம். அண்டைவீட்டார் சங்கராந்திக்குக் கொடுத்ததைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்களாம். வெண்பூச்சின் மேல் அவை பனித்துளிபோல் விளங்கின.

ஆனால் பத்திரப்படுத்துதல் எத்தனை நாளைக்கு? இக்கலையின் வரலாற்றை எழுத முற்படுவார்க்கு இதுவே இடர். பொன்னணி அகழ்ந்தால் கிடைக்கும், கல்வெட்டு நிற்கும். சர்க்கரை அணியோ ஆனிமாத மழைக்காற்று வீசியதும் கசிந்து ஒழுகும். எஞ்சியதை எறும்பு கொண்டுபோகும். எந்த அருங்காட்சியகத்தாலும் நூறாண்டுக்கு முந்திய ஹல்வா மாலையைக் காத்து வைத்தல் அரிது. கெய்ரோவின் நாரத்தை மரம் ஒரு பயணியின் ஏட்டில் மட்டுமே நிற்கிறது. எஞ்சுவன அச்சுகளும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கைகளுமே. நம் குடும்பங்கள் ஊரிலிருந்து வந்தபோது மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த பாத்திரங்களில் பருப்புத் தேங்காய்க் கூடுகளும் இருந்தன. அவை இன்று பரணில் கிடக்கும். சில பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும்.

ஆதலால் நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடு வைத்திருப்போர் அதன் உயரமும் வாயகலமும் அளந்து, மரமா தகரமா பித்தளையா, எவ்வூரில் யார் காலத்தில் வாங்கியது, கடைசியாக எந்த விழாவில் நிறைத்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுக்கவும். மராத்திய அண்டையாரிடம் ஹல்வா செய்யக் கற்ற அம்மையார் எவரேனும் இருப்பின், அவர் பெயரையும் தெரிவிக்கவும். தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, குளிர் இருக்கும் காலைப் பொழுதில், சங்கக் கூடத்தில் ஒரு தாம்பாளத்தையும் தணலையும் ஆயத்தம் செய்து வைக்கலாம். எள்ளும் சர்க்கரையும் சங்கத்தின் செலவு.